பத்துப் பேர் இல்லாத தெரு

டிசம்பர் 24, 2024, செவ்வாய்

அப்பாவின் முதல் திவசம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. நாங்கள் இரண்டும் பெண்கள். அதனால் காரியம் எல்லாம் பெரியப்பா மகன்தான் செய்தார். தை பிறந்ததும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விடுவதாக அன்றைக்கே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிழைப்பு அப்படி. ராத்திரி எல்லோரும் போனபிறகு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "ஏங்கண்ணு, அடுத்த வருசம் ஆரு செய்யறது?"

என்னிடம் பதில் இல்லை. அரையாண்டு விடுமுறை வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குக் கிளம்பிவிட்டேன். கோவையிலிருந்து நாலு மணி நேரம். கடல், படகு, மீன் குழம்பு, நல்ல தூக்கம். இவ்வளவுதான் திட்டம். ஐந்து நாளும் கல்லறை கல்லறையாகச் சுற்றுவோம் என்று கிளம்பும்போது நினைக்கவில்லை.

எறணாகுளம் படகுத்துறையில் ஆளுக்கு ஆறு ரூபாய் டிக்கெட். அம்மா முதல்முறையாகப் படகு ஏறுகிறார். ஓரத்துச் சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பையன் தானாக எழுந்து அம்மாவை உட்காரவைத்து, காயலில் தலை தூக்கிய டால்ஃபினைக் கைகாட்டினான். டிசம்பர் என்றுதான் பெயர். காற்று நின்றால் முதுகெல்லாம் வியர்வை ஓடுகிறது.

தங்கும் இடத்தில்தான் சிக்கல். 1,400 ரூபாய் என்று பேசி வைத்த அறைக்கு, போய் இறங்கியதும் 2,400 கேட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரமாம். வாசலில் நான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு வயதான அம்மச்சி எட்டிப் பார்த்து, அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். மகன் அறை சும்மாதான் கிடக்கிறது, நாளுக்கு ஆயிரம் கொடுத்தால் போதும் என்றார். காலை இடியப்பமும் முட்டைக் கறியும் அதில் சேர்த்தி. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஜூதத் தெருவில் நடந்தோம். மலையாளத்தில் யூதர்களை ஜூதர் என்பார்கள். சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசம். முன்பு இந்த இரண்டு வரிசை வீடுகளிலும் யூதக் குடும்பங்கள் இருந்தன. இப்போது முக்கால்வாசி பழம்பொருள் கடைகளும் துணிக்கடைகளும். ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கடையில் சாரா கோஹன் என்ற பெயர். அந்த அம்மையார் 2019 ஆகஸ்டில் 96 வயதில் இறந்தார். சாகும்வரை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து யூதர்கள் தலையில் வைக்கும் சின்னத் தொப்பியும், சபாத் என்ற வார ஓய்வுநாளின் ரொட்டியை மூடும் துணியும் பூத்தையல் போட்டவர். பிள்ளைகள் கிடையாது. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம். இன்றைக்கும் அவர் பொருட்களைக் காத்து வருகிறவரும் அவர்தான். அம்மா அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்து, "சங்கிலித் தையல்" என்றார். சின்ன வயதில் அம்மாவும் தலையணை உறைகளில் போட்டதுதான்.

டிசம்பர் 25, புதன்

காலை ஜூதப்பள்ளி. இங்கே எல்லாமே பள்ளிதான். சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூதர்களின் தொழுகைக் கூடமும் பள்ளி. நம் ஊரில் பள்ளிவாசல் என்கிறோம், இறந்த சோழ அரசர்களுக்குக் கட்டியதைப் பள்ளிப்படை என்கிறோம். ஒரே சொல் எங்கெல்லாம் போய்த் தங்கியிருக்கிறது!

பரதேசி ஜூதப்பள்ளி 1568-இல் கட்டியது. பரதேசி என்றால் வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் என்ற பழைய பொருளில். ஸ்பெயின் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் அவர்களில் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் வேரூன்றிய மலபார் யூதர்கள் வேறு. ஆயிரம் வருடத்துக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), பல்லக்கு, குடை, தோரணம் என்று அதில் வரும் உரிமைகளைப் படித்தால் நம் ஊர்க் கல்வெட்டைப் படிப்பது போலவே இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "பகல்ல எதுக்குடி விளக்கு?" என்று கேட்டார். மரியாதைக்கு, வெளிச்சத்துக்கு இல்லை என்றேன். தலையாட்டினார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பண்டிகைக் கூட்டம், தோளோடு தோள் இடிக்கிறது. ஆனாலும் தரையைப் பார்த்ததும் எல்லோரும் கொஞ்சம் அடங்கிவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவின் காண்டனிலிருந்து கப்பலில் வந்த நீல வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்று சொன்னதும் அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் வேதம் வாசிக்கப் பித்தளைக் கம்பி போட்ட மேடை. மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு மேடை. இப்படி இரண்டாவது மேடை வைத்துக் கட்டுவது கேரளத்து யூதர்களின் வழக்கம்.

எனக்கு அந்த மேடையைப் பார்த்ததும் வேறொரு நினைப்பு. யூதர்களிடம் இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷ் என்ற ஜெபம் உண்டு. அரமேய மொழியில். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. இறந்தவரின் பெயரும் வராது. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். துக்கத்தில் நிற்பவன் எழுந்து நின்று, எல்லாம் இழந்த பிறகும் நான் புகழ்கிறேன் என்று சொல்வது. பெற்றோருக்காகப் பதினொரு மாதம் சொல்வார்கள். ஏன் பன்னிரண்டு இல்லை? கொடும்பாவிகளுக்குத்தான் பன்னிரண்டு மாதத் தண்டனை என்று ஒரு நம்பிக்கை. முழு வருடமும் சொன்னால் தன் அப்பாவைப் பாவி என்று பிள்ளையே ஒத்துக்கொண்டது போலாகிவிடுமாம். இதைப் படித்த இரவு நான் அழுதேன்.

ஆனால் கத்தீஷைத் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். அந்தப் பத்துப் பேர் இந்தத் தெருவில் இல்லை. நாடு விடுதலை அடைந்த சமயத்தில் கொச்சி வட்டாரத்தில் யூதர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஐம்பதுகளில் ஊர் ஊராக இஸ்ரேலுக்குப் போனார்கள். இந்த ஆகஸ்டில் க்வீனி ஹல்லேக்வா என்ற மூதாட்டி 89 வயதில் காலமானபோது, பரதேசி யூதர்களில் இங்கே மிஞ்சியது ஒரே ஒருவர் என்று பத்திரிகைகள் எழுதின.

அம்மாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, வெளியே வந்து நன்னாரி சர்பத் குடிக்கும்போது சொன்னேன். "பத்து ஆம்பள வேணுமா?" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் ஜூதக் கல்லறைக்குப் போகலாம் என்று ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் தலையாட்டிவிட்டு நேரே ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கினார். அது டச்சுக்காரர்களின் கல்லறை, 1724-இல் ஏற்பட்டது. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தானே என்று அவர் நினைத்துவிட்டார். பூட்டிய கதவு வழியே எட்டிப் பார்க்கப்போன அம்மாவின் சேலையில் துருக்கறை. அதுவும் அப்பா வாங்கிக் கொடுத்த சுங்குடி. ஓட்டுநர் என்னைவிட வருத்தப்பட்டார். காசு வாங்க மறுத்து, "அம்மே, வாங்க" என்று எங்களை 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா என்ற சலவைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே காதில் விழுந்தது தமிழ்! டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள். தொட்டி தொட்டியாகத் துவைக்கும் இடம், கயிறே கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளைத் துணி, கரிப்பெட்டியின் சூடு. ஒரு அக்கா சேலையை வாங்கிப் பார்த்து, "இது எலுமிச்சைக்குப் போயிரும், நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா" என்றார். அறுபது ரூபாய். எங்கே சுற்றுகிறீர்கள் என்று கேட்டவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப முத்தா கல்லறைக்குப் போகலையா? அங்க எல்லாரும் மெழுகுவர்த்தி ஏத்துவாங்களே" என்றார்.

டிசம்பர் 26, வியாழன்

நெஹெமியா முத்தா என்பவர் யூத ஞானி, பாடல்கள் எழுதியவர். கல்லறைக் கல்லில் உள்ள எபிரேயத் தேதியை நம் கணக்குக்கு மாற்றினால் 1615 டிசம்பர். கிஸ்லேவ் மாதம் 25 என்று வெட்டியிருக்கிறது. ஹனுக்கா விளக்குப் பண்டிகையின் முதல் நாள். யூதர்களும் நம்மைப் போலத்தான், இறந்த நாளைப் பிறைக் கணக்கில் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஆங்கிலத் தேதி நகர்ந்துகொண்டே போகும். அன்றைக்கு ஒருநாள் முழுக்க எரியும் விளக்கு ஏற்றுவார்கள். "நம்ம திதி" என்றார் அம்மா உடனே. இந்த வருடம் கிஸ்லேவ் 25 எந்த நாள் என்று நேற்றிரவு போனில் தேடிப் பார்த்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டிசம்பர் 26. இன்றைக்கு.

காலையில் டீக்கடையில் இன்னொரு 26. தொலைக்காட்சியில் சுனாமியின் இருபதாம் ஆண்டு. நாகப்பட்டினம் கடற்கரையில் பெண்கள் கடலில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்து கொல்லம் பக்கத்து ஆலப்பாடு. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடையில் யாரும் பேசவில்லை. பழம்பொரியும் டீயும் இரண்டு பேருக்கு நாற்பத்திநாலு ரூபாய். மிச்சச் சில்லறையை எண்ணாமல் கையில் வைத்தார்.

முத்தா கல்லறையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சந்துக்குள் சந்து. ஒரு காலத்தில் அங்கே மலபார் யூதர்களின் பெரிய கல்லறைத் தோட்டம் இருந்தது. இப்போது சுற்றிலும் வீடுகள், கொடியில் காயும் லுங்கி, சைக்கிள், கோழி. மற்ற கல்லறைகள் எல்லாம் போய்விட்டன. இது ஒன்று மட்டும் நிற்கிறது, வெள்ளையடித்து, மெழுகு வழிந்த கறையோடு. யாரும் இதை இடிக்கத் துணியவில்லை. நேர்த்திக்கடன் பலிக்கும் இடம் என்று சுற்றுவட்டாரத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் நம்புகிறார்கள். முன்பு யூதர்கள் வேண்டிக்கொண்ட அதே இடம்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து தலையில் துணி போட்ட ஒரு பெண் வந்தார். மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லையா என்று கேட்டு, உள்ளே போய் இரண்டு எடுத்துவந்தார். காசு கொடுக்கப்போனபோது கையை இழுத்துக்கொண்டார். இன்றைக்கு இவருடைய நாள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் சொன்னேன். "ஆணோ?" (அப்படியா?) என்று ஆச்சரியப்பட்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தார். இரண்டு குழந்தைகளும் ஒரு பாட்டியும் வந்து நின்றார்கள். நாங்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர். அதில் ஆண் என்றால் எட்டு வயதுப் பையன் ஒருவன்தான்.

அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டார்: "யாருக்கு வேண்டி?" யாருக்காக ஏற்றுகிறீர்கள் என்று.

அம்மாவின் தலைமுறையில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில்கூட அம்மா அட்டையைத்தான் நீட்டுவார். மருத்துவமனையில் பெயர் கேட்டால் என்னைப் பார்ப்பார். இன்றும் என்னைப் பார்த்தார். நான் அப்பா பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் அதை ஒருமுறை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், உச்சரிப்பு சரிதானா என்பதுபோல. அம்மா திரியைப் பற்றவைத்தார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. பையன் கையைக் குவித்து மறைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சேலையை வாங்கிக்கொண்டு, இந்த முறை வழி கேட்டு நடந்தே பரதேசி யூதர்களின் கல்லறைக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியே தெரிந்தவை நீளமான வெள்ளைக் கல்லறைகள், எபிரேய எழுத்து, காய்ந்த இலைகள். அம்மா மல்லிகைச் சரம் வாங்கிவந்திருந்தார், முழம் முப்பது ரூபாய். யூதர்கள் பூ வைக்க மாட்டார்கள், சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள் என்றேன். "அதுஞ்செரிதான். பூ நாளைக்கே வாடிப்போகும்" என்று சரத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

யூதக் கல்லறைகளில் பெரும்பாலும் ஐந்து எபிரேய எழுத்துகளைப் பார்க்கலாம். ஒரு வேண்டுதலின் சுருக்கம் அது. இவருடைய உயிர், வாழ்வோரின் முடிப்பில் முடியப்பட்டிருக்கட்டும் என்று அர்த்தம். முந்தானையில் காசை முடிந்து வைப்பது போல, கடவுள் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கல்லறையிலும் ஒரு வலி இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இங்கே இடம் கிடையாது என்று வைத்திருந்தார்கள். தொழுகைக் கூடத்திலும் அவர்கள் உள்ளே உட்கார முடியாது, முன்னறையில்தான். அந்தப் பிரிவில் பிறந்த ஏ. பி. சேலம் நம் சென்னையில் சட்டம் படித்தவர். காந்தியின் சத்தியாகிரக வழியில் தன் சமூகத்துக்குள்ளேயே போராடினார். யூதக் காந்தி என்று பெயர் வாங்கி, 1967-இல் மறைந்தார். ஜூதத் தெருவுக்குப் பக்கத்துச் சாலைக்கு அவர் பெயர்தான். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் அடிதடி நடக்கும் ஊரிலிருந்து போன எனக்கு, அந்தக் கம்பிக் கதவருகே நிற்கும்போது இது நெஞ்சில் குத்தியது. செத்தபிறகும் வரிசை பார்க்கிறோமே.

டிசம்பர் 27, வெள்ளி

வெள்ளி மதியத்துக்குமேல் ஜூதப்பள்ளி சபாத்துக்காக மூடிவிடும் என்பதால் வடக்கே போனோம். முதலில் பறவூர். பஸ்ஸில் நின்றுகொண்டே முக்கால்வாசித் தூரம். பறவூர் ஜூதப்பள்ளி நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டு இப்போது அருங்காட்சியகம். நீண்ட நடைபாதை, சுண்ணாம்புச் சுவர், அமைதி. வேதச் சுருள் வைக்கும் பழைய பேழை இங்கே இல்லை, ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது சரியா தவறா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அங்கே இருப்பதால் அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம்.

மதியம் ஒரு சின்ன ஓட்டலில் குத்தரிசிச் சோறு, புளிசேரி, கூர்க்கா மெழுக்குபுரட்டி, மத்தி வறுவல். இரண்டு பேருக்கு 210 ரூபாய். பரிமாறியவர் அம்மா தட்டில் சோறு குறையவே விடவில்லை. அம்மா போதும் என்று கையை மறைக்க மறைக்க, இவர் பக்கவாட்டில் வந்து போடுகிறார்.

சேந்தமங்கலம் போகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. அங்குள்ள ஜூதப்பள்ளி வாசலில் நிற்கிறது ஒரு கல். சிறிய, கரடான கல். கொடுங்கல்லூர் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1269-ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையது. மன்னன் கொடுத்த சாசனமோ வேதவாக்கியமோ இல்லை, ஒரு பெண்ணின் கல்லறைக் கல். சாரா பத் இஸ்ரயேல். பத் என்றால் மகள். இஸ்ரயேலின் மகள் சாரா.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யார் இவள்? பிள்ளை பெற்றாளா, எந்த வயதில் போனாள், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தாளா? எதுவும் கல்லில் இல்லை. அவள் பெயர், அவள் அப்பா பெயர். எழுநூற்றைம்பது வருடமாக ஒரு அப்பாவின் பெயரை அவர் மகள் சுமந்துகொண்டு நிற்கிறாள். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அம்மா என் தோளில் கைவைத்தார்.

பின்பக்கம் கல்லறைத் தோட்டம், ரப்பர் செருப்பு வழுக்கும் மேடு. அம்மா விவசாயி. எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம், அப்பாவும் தோட்டத்தில் கிணற்றுமேட்டோரம்தான் இருக்கிறார். அதனால் அம்மா எந்தக் கல்லறையைப் பார்த்தாலும் மண்ணைத்தான் முதலில் பார்ப்பார். "செம்மண்ணு. தண்ணி நிக்காது, நல்ல எடம்" என்றார். அந்தக் குன்றைச் சுற்றிக் கோயில், மசூதி, சர்ச், ஜூதப்பள்ளி நாலும் கிட்டக் கிட்ட. ஒரு காலத்தில் சங்கும் பாங்கும் மணியும் யூதர்கள் ஊதும் ஆட்டுக்கடாக் கொம்பும் ஒரே இடத்தில் நின்று கேட்கலாம் என்பார்கள். நாங்கள் நின்றபோது பாங்கு மட்டும் கேட்டது. கொம்பு ஊத ஆளில்லை.

2018 வெள்ளத்தில் இந்த ஊர்க் கைத்தறிக் கூடங்கள் மூழ்கின. சேறு படிந்த சேலைகளை வெட்டிக் கையளவு பொம்மைகள் செய்து விற்றார்கள், சேக்குட்டி என்று பெயர். தறிச்சங்கக் கடையில் அம்மா கரை போட்ட வேட்டி ஒன்றை எடுத்துவிட்டு, அளவு பார்க்கப் போனவர் நின்றுவிட்டார். பழக்கதோஷம். அப்பாவுக்கு எடுத்துவிட்டார். விற்பனைக்கார அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, அதை மெதுவாக வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினார். 180 ரூபாய்க்கு அதை வாங்கிக்கொண்டோம்.

ராத்திரி அம்மச்சி வீட்டில் கஞ்சியும் பயறும். அம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

டிசம்பர் 28, சனி

நேரே ஊருக்குப் போகலாம் என்றேன். "அந்த இன்னொரு ஊரு?" என்று கேட்டவர் அம்மா. மாளையைச் சொல்கிறார். நான் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்ததை நினைவில் வைத்திருக்கிறார்.

அம்மச்சி வழியில் சாப்பிட வாழையிலையில் அடை கட்டிக் கொடுத்தார். கடைசி நாள் வாடகையை வாங்கவே இல்லை.

மாளையின் யூதர்கள் 1955 ஜனவரியில், இஸ்ரேலுக்குக் கப்பலேறும் முன், தங்கள் ஜூதப்பள்ளியையும் கல்லறையையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். எழுதிய ஒப்பந்தம். பள்ளியைக் காக்க வேண்டும், கல்லறையைப் பேண வேண்டும். திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்தவர்கள், விட்டுப்போகிற அப்பா அம்மாவை அண்டை அயலாரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போயிருக்கிறார்கள். நான்கு ஏக்கர் நிலம். அதில் ஒரு பகுதி இப்போது விளையாட்டு மைதானம். கல்லறைகளில் மிச்சம் மூன்று.

வெயில் உச்சியில். முட்டியளவு புல். வழி காட்டிய பெரியவர் குச்சியால் புல்லைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார், பாம்பு இருக்கும் என்று. மூன்று கல்லறைகளையும் காட்டிவிட்டு, தள்ளிப்போய் மரநிழலில் நின்றுகொண்டார். எங்களைத் தனியாக விட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அம்மா மூன்றையும் சுற்றிவந்தார். "மத்தவங்க எல்லாம்?" என்றார். மைதானத்தைக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். அப்புறம் குனிந்து செம்மண் கல் ஒன்றைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, கடைசிக் கல்லறையின் தலைமாட்டில் வைத்தார். இன்னொன்று எடுத்து அடுத்ததற்கு. மூன்றாவதற்கு என்னிடம் ஒரு கல்லைக் கொடுத்தார். நான் வைத்துவிட்டு நிமிரும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அப்பாவின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, இனிஷியலோடு, சத்தமாக.

நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மைதானத்தில் பையன்கள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் பெரியவர் தன் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். யூதர்கள் கல்லறையிலிருந்து வந்தால் கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவார்கள் என்றேன். அம்மா துண்டை மறுபடி பைக்குள் வைத்தார். சாலக்குடி பஸ் வரும்வரை ஈரக்கையை வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றோம்.